இரட்டைப் பிள்ளைக்காரியின் கை

அக்கா,

இன்று காலை, கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயின் வாசம் என் வீட்டு கேட் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு வருடமாக அந்த எண்ணெயை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. சாமிக்குக்கூடக் கற்பூரம் காட்டுவதை நிறுத்திவிட்டு, வெறும் விளக்கோடு முடித்துக்கொள்கிறேன். அப்படியும் விடுகிறதா பாருங்கள்.

எண்ணெயைக் கொண்டுவந்தவள் அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தப்பி, வலது கணுக்கால் மடங்கியிருக்கிறது. ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் எவர்சில்வர் கிண்ணத்தோடு, ஒற்றைக் காலில் நின்றாள்.

“டீச்சர், நீங்க ரெட்டைப் பிள்ளைக்காரியாம்ல. ரெண்டு தடவை நீவி விட்டீங்கன்னா எந்திரிச்சு ஓடிருவேன். ஆடித் தள்ளுபடி நேரம், கடையில லீவே தர மாட்டாய்ங்க.”

உட்கார வைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கவில்லை. எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி முதலில் நாலு எட்டு வைக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வைத்தாள், மூன்றாவதில் சுவரைப் பிடித்துவிட்டாள். பிறகு குனிந்து, வெளிக்கணுவின் பின்ஓரத்தில் எலும்பை மட்டும் ஒரு விரலால் அழுத்தினேன். “ஆத்தா” என்று காலை உருவிக்கொண்டாள்.

“இது வெறும் சுளுக்கு மாதிரி தெரியலம்மா. எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துரணும். இரு, ஆட்டோவுக்குச் சொல்றேன். நானும் கூட வாரேன்” என்றேன்.

“நீவ மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

அவள் முகம் சுருங்கிப்போனது. நான் ஏதோ இருப்பதை இல்லையென்று சொல்வதைப் போலப் பார்த்தாள். “சரிங்க டீச்சர். ரேஷன் கடைப் பக்கம் இன்னொரு ரெட்டைப் பிள்ளைக்காரி இருக்காகளாம். அங்கிட்டுப் போய்க் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் நொண்டிக்கொண்டே போனாள். அந்த எண்ணெயை நான் தொடவேயில்லை. ஆனாலும் உள்ளே போய் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிவிட்டுத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் நாம் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நீங்கள் பி.டி. டீச்சர், நான் எட்டு முதல் பத்து வரைக்கும் சயின்ஸ். என் பேரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டதே கிடையாது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து “ஏ சயின்ஸு” என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஆய்வகத்துக்குள் இருக்கிற எனக்குக் கேட்கும். தலைமையாசிரியைக்கும் கேட்கும், அதைப் பற்றி உங்களுக்கு ஒரு நாளும் கவலை இருந்ததில்லை. நீங்கள் மூன்று வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்கு இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். பிரசவ விடுப்பு முடிந்து வந்த முதல் மாதமே எனக்கு இன்னொரு உத்தியோகமும் சேர்ந்துகொண்டது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு இறங்கிவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. உயரம் தாண்டும்போது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கணுக்காலைத் திருப்பிக்கொண்டு விழுந்தாள். பள்ளி ஆயா அவளை நேராக உங்களிடம் கொண்டுவராமல் என்னிடம் தூக்கி வந்துவிட்டாள். “சயின்ஸ் டீச்சர் கை பட்டாப் போதும்” என்றாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். எண்ணெய் தொட்டு, முழங்காலிலிருந்து கீழ்நோக்கி மூன்று தடவை நீவினேன். அந்தப் பிள்ளை எழுந்து ஓடினாள்.

நீங்கள் வந்து ஒரு ஆட்டம் ஆடினீர்களே. “ஓடுனா ஒடையலைன்னு அர்த்தமா? எலும்பு லேசா விரிசல் விட்டிருந்தா இந்நேரம் நீயே அதை ரெண்டா ஆக்கியிருப்ப. முதல் ரெண்டு நாளைக்கு எண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாம். துணியில சுத்தி ஐஸ் வை, காலைத் தூக்கி வை, கையை எடு. இது உன் புத்தகத்துல இல்லையா?” என்றீர்கள். அந்தப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து, கட்டுப் போட்டு, மறுநாள் அவள் அப்பாவை வரவழைத்துப் படமும் எடுக்க வைத்தீர்கள். படம் சுத்தமாக இருந்தது, ஜவ்வுதான் கொஞ்சம் இழுத்திருந்தது. நான் ஜெயித்துவிட்டதாக ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எத்தனை கால், எத்தனை கழுத்து, எத்தனை இடுப்பு. தெருவில் உள்ளவர்கள், பஸ் டிரைவரின் மனைவி, சத்துணவுக் கூடத்துச் சமையல்காரம்மா. பத்தில் எட்டுச் சுளுக்கு யாரும் தொடாமலே ஆறிவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த எட்டும் என் கணக்கில் ஏறிக்கொண்டது. ஆறாத இரண்டு பேர் திரும்பி என்னிடம் வந்து சொல்லவா போகிறார்கள்? மனித உடலில் இருநூற்று ஆறு எலும்பு என்று கரும்பலகையில் எழுதிய கையால் சாயங்காலம் எண்ணெய் தொட்டு நீவினேன். இரண்டும் எனக்கு ஒன்றோடொன்று இடிக்கவேயில்லை.

உங்கள் வழி வேறு. பத்து நிமிடம் கணுக்காலைச் சுற்றி, முட்டியை மடக்கி நீட்டி, உடம்பு சூடேறாமல் ஒரு பிள்ளையையும் ஓட விட மாட்டீர்கள். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, மடங்காமல் இறங்கும்வரைக்கும் திரும்பத் திரும்பக் குதிக்க வைப்பீர்கள். விழுவதற்குக்கூட உங்களிடம் ஒரு பாடம் இருந்தது. மணல் குழியில் வரிசையாக நிற்க வைத்து விழச் சொல்வீர்கள். “கையை ஊனாத, மணிக்கட்டு போயிரும். தோளைக் கொடுத்து உருளு” என்று கத்துவீர்கள். நம் பிள்ளைகள் பந்தயங்களில் பெரிதாக ஒன்றும் ஜெயித்ததில்லை. ஆனால் உங்கள் காலத்தில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுத வந்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. அதை யாரும் கவனிக்கவில்லை. உங்களுக்கு ஒரு சால்வைகூடப் போர்த்தாமல் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

ஓய்வுக்கு முன்னாலேயே ஆனையூரில் ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்டோம், நடுவில் நாலு வீடுதான். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் மகன் ஓசூரில், என் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். காலையில் நடை, சாயங்காலம் காப்பி, நடுவில் உங்கள் உபதேசம். “இந்த வயசுல பொம்பளைகளுக்கு எலும்பு உள்ளுக்குள்ள உளுத்துக்கிட்டே வரும் சயின்ஸு. விழுந்தப்புறம்தான் தெரியும்” என்பீர்கள். வெயிலில் கொஞ்சம் நில் என்பீர்கள், கேப்பைக் கூழ் குடி, கருவாடு தின் என்பீர்கள். ஒற்றைக் காலில் நின்று பல் விளக்கச் சொல்வீர்கள். அப்படி நின்றால் தடுமாற்றம் வராதாம். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நீங்கள் நின்று காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது.

உங்கள் வீட்டுக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைத்தீர்கள். தரைக்குச் சொரசொரப்பான ஓடு பதித்தீர்கள். வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்பு. என் பிள்ளைகள் என் வீட்டு முன்பக்கத்துக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டுக் கொடுத்தபோது வந்து பார்த்துவிட்டு, “இது எதுக்கு, குனிஞ்சு முகம் பாக்கவா?” என்று கேட்டீர்கள். “ஒரு நாளைக்கு யாரையாச்சும் படுக்கப் போடப் போகுது. மாத்து. மாத்தாட்டி, ஒரு தேங்காநார் மிதியடியாச்சும் நீளமா விரி” என்றீர்கள். விரிக்கிறேன், விரிக்கிறேன் என்று ஒரு வருடம் சொன்னேன்.

அன்று, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மூன்றாம் வெள்ளி. சோப்புத்தூள் போட்டு முன்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தேன். அம்மன் கோயிலுக்கு ஏழு மணிக்குப் போவதாகப் பேச்சு. நீங்கள் ஆறரைக்கே வந்துவிட்டீர்கள். தண்ணீரைத் தள்ளிவிட விளக்கமாற்றை எடுக்க நான் உள்ளே போயிருந்தேன். ஆடி வெள்ளியில் கழுவிவிட்ட வாசலில் செருப்போடு ஏறக் கூடாது என்று, வழுக்காத அந்த ரப்பர் செருப்பைக் கேட்டருகிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறியிருக்கிறீர்கள். மற்ற நாளாக இருந்தால் கழற்றியிருக்க மாட்டீர்கள். எனக்காகத்தான் கழற்றினீர்கள்.

சத்தம் கேட்டு ஓடி வந்தேன். இடது பக்கமாக விழுந்து கிடந்தீர்கள். கையை ஊன்றவில்லை. பிள்ளைகளுக்குச் சொன்னதை உடம்பு மறக்கவில்லை. மணிக்கட்டு தப்பித்துக்கொண்டது, இடுப்பு வாங்கிக்கொண்டது. “முகம் பாத்துட்டேன்டி உன் டைல்ஸுல” என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் அழுதுவிட்டேன். என் தோளைப் பிடித்து எழுந்தீர்கள், மெல்ல நாலு எட்டு வைத்தீர்கள். “நாலு எட்டு வச்சுட்டேன். ஒடையல. இடுப்புலதான் ஒரு பிடிப்பு” என்றீர்கள்.

பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “எதுக்கும் படம் எடுத்துப் பாத்துருவமா?” என்று கேட்டீர்கள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். “ஆடி வெள்ளி அதுவுமா ஆஸ்பத்திரியாக்கா? அதான் நடந்துட்டீங்களே. மூணு நாள் காலையும் சாயந்தரமும் நீவுறேன், எங்கிட்டுப் போகுது பிடிப்பு” என்றேன்.

கைராசியை நம்பிச் சொன்னேன் என்று நானே பல நாள் என்னை ஏமாற்றிக்கொண்டேன். அது இல்லை அக்கா. நீங்கள் விழுந்தது என் வாசலில். நீங்கள் வேண்டாமென்ற டைல்ஸில், நான் போட்ட சோப்புத்தண்ணீரில். ஆஸ்பத்திரிக்குப் போனால் அது பெரிய விஷயமாகிவிடும். என் கையால் சரியாகிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். எனக்கு அது ஒன்றுமில்லாமல் போக வேண்டும் என்று இருந்தது. நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். “சரி, நீவு. முப்பது வருசமா உன் கைக்குச் சிக்காம இருந்தேன்” என்றீர்கள். என் அழுகையை நிறுத்தத்தான் நீங்கள் என் வீட்டுக் கட்டிலில் படுத்தீர்கள்.

முதல் நாள் வலி குறைந்ததாகச் சொன்னீர்கள். இரண்டாம் நாள் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான், வலி இடுப்பில் இல்லை, தொடை இடுக்கில் என்று கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னீர்கள். இடுப்பு மூட்டு உடைந்தால் வலி அங்கேதான் வரும் என்பது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, பிடிப்பு கீழே இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். சொடக்கு எடுத்தால் தீர்ந்துவிடும் என்று முட்டியை மடக்கி, காலை வெளிப்பக்கம் திருப்பி, ஒரு இழுப்பு இழுத்தேன்.

நீங்கள் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். இடது கால் வலது காலைவிடக் கட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தலையணையை வைத்து நிமிர்த்தினேன். மறுபடி சாய்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தொடை எலும்பின் கழுத்து உடைந்து, முழுவதும் விலகியிருந்தது. “விழுந்த அன்னைக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பதிஞ்சு நின்னிருக்கும், அதனாலதான் நடந்திருக்காங்க. அன்னைக்கே வந்திருந்தா மூணு ஸ்க்ரூவோட போயிருக்கும்” என்றார். நாலு எட்டு வைத்தாரே டாக்டர் என்று நான் கேட்டேன். அந்தச் சோதனை கணுக்காலுக்குத்தான், இடுப்புக்கு அதை நம்பக் கூடாது என்றார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

“நடுவுல யாராச்சும் நீவுனாங்களா? இழுத்து விட்டாங்களா?”

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். “இல்ல டாக்டர். நானாத்தான் நடந்து பாத்தேன்.”

டாக்டர் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஊரு உன்னை ஏசி எனக்கு என்ன ஆகப் போகுது? இனிமே யார் காலையும் தொடாத. தொட மாட்டேன்னா மட்டும் போதாது, வர்றவகட்ட ஏன்னு சொல்லு. என் கதையச் சொல்லு. அம்புட்டுத்தான்” என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

சர்க்கரையும் இருதயமும் சேர்ந்து ஆபரேஷனைப் பன்னிரண்டு நாள் தள்ளிவைத்தன. இடுப்பு மூட்டில் பாதியை மாற்றினார்கள். புண் ஆறவில்லை, திரும்பத் திறந்தார்கள். வீட்டுக்கு வந்து வாக்கரைப் பிடித்து, முற்றத்து வேப்பமரம் வரைக்கும் நீங்கள் போன நாட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்ற நாளெல்லாம் கட்டில்தான். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, பள்ளிக்கூடக் குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவீர்கள். ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாதாம். இருபதுக்கு மேல் மூச்சு வாங்கும். கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் வந்து, எங்கேயோ ஒருவர் பச்சிலைக் கட்டுப் போடுகிறார், கூட்டிப் போவோம் என்றார்கள். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

முதுகில் படுக்கைப்புண் வந்தது. நான்தான் தினமும் கழுவி மருந்து வைத்தேன். ஒன்பதாம் மாதம் நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாளில் போய்விட்டீர்கள். உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, நீங்க இல்லைன்னா அம்மாவை யார் பாத்திருப்பா?” என்று அழுதான். அந்தக் கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

இந்தச் சித்திரையில் உங்கள் முதல் திதி. ஐயர் போன பிறகு, உங்கள் மகன் கழுத்தைத் தடவிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “ராத்திரி பஸ்ஸுல கழுத்து பிடிச்சிருச்சு சித்தி. கொஞ்சம் நீவி விடுங்களேன். உங்க கை பட்டா எதுவும் நிக்காதுன்னு அம்மா கேலியாச் சொல்லும்” என்றான். நாற்பது வயதான பிள்ளை, குனிந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டைல்ஸ், மூன்று நாள், சொடக்கு, டாக்டரிடம் நீங்கள் சொன்ன பொய், எதையும் விடவில்லை.

அவன் நிமிர்ந்து, கழுத்திலிருந்த கையை எடுத்தான். பிறகு, “அம்மாவுக்குத் தெரியுமா, நீங்க நீவுனதாலதான்னு?” என்று கேட்டான்.

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லல. அப்ப நான் தெரிஞ்சுக்க வேணாம்னு அம்மா நினைச்சிருக்கு. இன்னைக்கு ஏன் சொன்னீங்க? உங்க மனசு லேசாகணும்னா?”

சாப்பாட்டு இலை போட்டிருந்தது. அவன் உட்காரவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று மாதமாகப் போன் எடுப்பதில்லை. உங்கள் வீட்டை விற்கப் புரோக்கரிடம் சொல்லியிருப்பதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

என் மனசு லேசாகவும் இல்லை. டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான சிவப்பு ஓடு பதித்திருக்கிறேன். அதில் ஏறி வர நீங்கள் இல்லை. தினமும் ஒற்றைக் காலில் நின்று பல் விளக்குகிறேன், இடது காலில் முப்பது, வலது காலில் முப்பது. யாருக்காக இந்த எலும்பைக் காப்பாற்றுகிறேன் என்று வாஷ்பேசின் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட அந்த ஒரு காரியத்தையும் ஒழுங்காகச் செய்யவில்லை. இந்த இரண்டு வருடத்தில் எண்ணெயோடு வந்தவர்களிடமெல்லாம் மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏன் மாட்டேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தெருவில் தலைகாட்ட முடியாதே என்ற பயம். காலையில் வந்த பெண்ணிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் ஆட்டோவில் ஏறியிருப்பாளோ என்று பகல் முழுக்க அரித்துக்கொண்டே இருந்தது.

எழுதுவதை இங்கே நிறுத்திவிட்டு, நாலு மணிக்கு ரேஷன் கடைப் பக்கம் போகலாமென்று கேட்டைத் திறந்தேன். எதிரே அவளே வந்தாள். கடைச் சீருடைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். கணுக்காலைச் சுற்றி எண்ணெய் மினுமினுத்தது. வீக்கம் காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

“பாருங்க டீச்சர், நீவுனதும் எம்புட்டோ தேவலை. நாலு எட்டு வச்சுட்டேன். சாயந்தர ஷிப்டுக்கு லேட்டு, போறேன்” என்றாள்.

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். தெருவில் வைத்தே சொன்னேன் அக்கா. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அதைப் பற்றியும் கவலைப்படாமல் சொன்னேன். என் சிநேகிதி ஒருத்தர் நாலு எட்டு வைத்தார், நான் நீவினேன், இழுத்தேன், ஒன்பது மாதத்தில் செத்துப்போனார் என்றேன். அவளும் நின்று முழுவதும் கேட்டாள். கண்கூடக் கலங்கினாள்.

பிறகு என் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, “அது அவுக விதி டீச்சர். நீங்க என்ன செய்வீங்க, மனசைப் போட்டு உழப்பாதீங்க. எனக்கு வெறும் சுளுக்குத்தான்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நடந்தாள். ஆட்டோவில் கூடவே வாரேன், ஒரே ஒரு படம் எடுப்போம், பிறகு கடையிலேயே இறக்கிவிடுகிறேன் என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். அவள் திரும்பிப் பார்த்து, வேண்டாமென்று கையை ஆட்டினாள்.

அடுத்த கிண்ணம் வரும்போதும் உங்கள் கதையைச் சொல்வேன். அது ஒன்றுதான் உங்களிடமிருந்து என் கையில் மிச்சம். யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துதான் சொல்வேன்.

அவள் தெருமுனையை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு கேட்டருகே நின்றேன். குதிகால் தரையில் படவில்லை. என்னை அறியாமல் அவள் வைக்கும் எட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். நாலு வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.